பரண் நிறைய மிலாறு

நரிப்பாறைத் தோட்டம்,
கொத்மலை.
20.01.2008

அன்புத் தம்பி சின்னராசாவுக்கு அக்கா நாகலெட்சுமி எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், என் முழங்கால் வலி மூவரும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் சிவகௌரியும் பிள்ளைகளும் எப்படி என்று எழுது.

பொங்கலுக்கு உன்னைப் பார்த்துப் பார்த்து ஏமாந்தோம். சோதனைச் சாவடிகளைப் பற்றி நீ எழுதியதை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "அவன் இருக்கிற எடத்துல பத்திரமா இருக்கட்டும் புள்ள" என்று முடித்துவிட்டார். போனில் பேசலாமே என்கிறாய். சிக்னல் பிடிக்கக் கோயில் பாறைக்கு ஏற வேண்டும். ஏறி முடித்தால் மூச்சு வாங்குகிறதே தவிரப் பேச்சு வருவதில்லை. நான் பேச முடியாத ஓர் இடத்துக்கு எதற்காக ஏற வேண்டும்?

சோப்பும் பற்பசையும் தேயிலையும் விற்கிற கம்பெனியில் புகையைக் குறைக்கிற உத்தியோகம் எதற்கு என்று பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா கேட்டாள். "வீட்டுக்கு வீடு போயி அடுப்ப அணைப்பான்" என்றேன். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். உன் பெயரில் எனக்கு நல்ல வியாபாரம்.

இனி நல்ல சேதி. தர்ஷனா முழுகாமல் இருக்கிறாள், நான் பாட்டியாகப் போகிறேன். வலப்பனையிலிருந்து மாப்பிள்ளை வந்து வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். ஆவணியில் பிள்ளை. தலைப்பிரசவம் என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நம் வீட்டுக்குத்தான் வருவாள். பெற்ற உடம்புக்குத் தினமும் ஒரு கிடாரம் வெந்நீர் வேண்டும். இந்தக் குளிரில் அது இல்லாமல் தாயையும் பிள்ளையையும் தேற்ற முடியாது. நல்லகாலம், அஞ்சாம் நம்பர் மலையில் கவ்வாத்து நடக்கிறது. தேயிலைச் செடியை வெட்டிச் சாய்த்த குச்சிதான் மிலாறு என்று உன் பிள்ளைகளுக்குச் சொல்லிவை. அடுப்பு சுவிட்சில் முளைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டுகிற ஆயா வேலை முடிந்ததும் நானும் ஒரு கட்டு சுமந்து வருகிறேன். பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டிப் பரணில் அடுக்குகிறேன். பார்த்தால் மரமும் விறகும் விற்கிற மரக்காலை முதலாளி வீடென்று நினைத்துச் சம்பந்தி சீரைக் கூட்டிக் கேட்பார். லயத்தில் வீட்டுக்கு வீடு இதைச் சொல்லிச் சிரித்தாயிற்று. உனக்கு மட்டும் ஏன் பாக்கி?

உன் அக்கா
நாகலெட்சுமி


கொழும்பு 6.
11.02.2008

அன்பின் அக்கா,

வணக்கம். சின்னவனுக்கு இருமல் இருந்தது, இப்போது பரவாயில்லை. மற்றபடி சுகம். அத்தானுக்கும் உன் முழங்காலுக்கும் என் விசாரிப்பு.

தர்ஷனா சேதியைப் படித்ததும் சிவகௌரி பாயாசம் காய்ச்சினாள். தாய்மாமன் சீர் என் பொறுப்பு. குறை வராது.

என் வேலையைக் கேலி செய்தாய். விளையாட்டில்லை அக்கா. பூமி சூடேறிக்கொண்டு போகிறது. எங்கள் பொருட்களால் எவ்வளவு கரிப்புகை போகிறது என்று கணக்கெடுத்துக் குறைப்பதாக வெளிநாட்டுத் தலைமை அலுவலகம் வாக்குக் கொடுத்திருக்கிறது. நம் தோட்டத்துப் பாக்டரி தேயிலையை உலர்த்த டீசல் எரிக்கிறது. அந்தத் தேயிலையை வாங்குவது நாங்கள். அதனால் அந்தப் புகையும் எங்கள் தலையில். டீசலுக்குப் பதில் விறகை எரித்தால், வெட்டிய செடி மறுபடி துளிர்த்து அந்தப் புகையை இழுத்துக்கொள்ளும் என்கிறார்கள்.

நீ எழுதிய மிலாறுச் சங்கதியை இரண்டு முறை படித்தேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான் அடுக்கியிருக்கிறார்களா? சும்மா அறியத்தான். வேடிக்கையாக எழுது. இங்கே எனக்குச் சிரிப்பு வருவது உன் கடிதத்தில்தான்.

நேற்றும் காலி வீதியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். கம்பெனி அட்டையைக் காட்டினேன், விட்டார்கள். என்னோடு இறங்கிய சிலர் அங்கேயே நின்றார்கள். அத்தானிடம் சொல்லாதே.

தம்பி
சின்னராசா


நரிப்பாறைத் தோட்டம்.
02.03.2008

பாசமுள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நல்லபடி. தர்ஷனாவுக்கு மாங்காய் மேல் ஆசை வந்திருக்கிறது. சந்தையில் மாங்காய் இல்லாத குற்றத்துக்கு மாப்பிள்ளை திட்டு வாங்குகிறார். உங்கள் சின்னவனின் இருமலுக்குத் துளசி கொடுங்கள்.

என்னைப் பார்த்து ஊர்க்கதை எழுது என்கிறாயே, இருமல்காரனைப் பார்த்து இருமு என்று சொல்லவும் வேண்டுமா? பிள்ளைக்காம்பரா ஆயாவுக்குத் தெரியாத வீடு ஏது? பாலைக் குடித்துவிட்டுப் பிள்ளைகள் வீட்டு ரகசியத்தைக் கக்கிவிடும். பேச்சியம்மா கட்டிலுக்கடியில் முட்ட முட்ட மிலாறு. அவள் புருசன் கட்டில் தூக்கி நிற்பதால் ஏணி வைத்துப் படுக்கிறான். மேல் லயத்துக் கங்காணி சண்முகராஜா, "நாங்கல்லாம் மிலாறு தொடுறதில்ல" என்று நெஞ்சை நிமிர்த்துவார். சாமித்தட்டுக்குப் பின்னால் மூன்று கட்டு இருக்கிறது. சாமிக்கே குளிர் விட்டுப்போச்சு.

ஆளுக்கு இத்தனை கட்டுதான் என்று மலையில் எங்களை மேய்க்கிற கண்டாக்கையா சொல்வார். பால்குடிப் பிள்ளையையும் நாங்கள் ஆளாக எண்ணிக்கொள்வோம். நான் தர்ஷனா வயிற்றில் இருப்பதையும் எண்ணிவிட்டேன். இரண்டு லயத்து விறகையும் ஒன்றாகக் குவித்தால் பாக்டரியை ஒரு மாதம் ஓட்டலாம் என்று உன் அத்தானிடம் சொன்னேன். உலையடியில் வேலை செய்கிற மனுசர் அல்லவா, ரோசம் வந்துவிட்டது. "ஒரு நாளைக்கே காணாதுடி, வாயாடி" என்றார். அவருக்குக் கற்பனை கிடையாது. நீ ஒரு மாதம் என்றே வைத்துக்கொள், படிக்க நன்றாயிருக்கும்.

சிரித்துவிட்டு மறக்காமல் பதில் போடு.

உன் வாயாடி அக்கா


கொழும்பு 6.
20.04.2008

அன்பின் அக்கா,

புதுவருடம் எப்படிப் போனது? நாங்கள் வெளியில் எங்கும் போகவில்லை. சுகத்துக்குக் குறைவில்லை.

இத்துடன் உனக்கொரு சேலை அனுப்புகிறேன். எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. நான் எழுதிக் கொடுத்த திட்டம் மேலிடத்துக்குப் பிடித்துவிட்டது. கூட்டத்தில் எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். ஏன் சிரித்தார்கள் என்பதை நேரில் சொல்கிறேன்.

அடுத்த மாதம் எங்கள் கம்பெனிப் பெரிய அம்மா, வெள்ளைக்காரர், நம் தோட்டத்துக்கு வருகிறார். நல்ல மனிதர், மாமிசம்கூடச் சாப்பிடமாட்டார். அன்றைக்கு இந்தச் சேலையை உடுத்திக்கொள். எனக்கு அன்று இங்கே வேலை இருக்கிறது, வர முடியாது.

தம்பி
சின்னராசா


நரிப்பாறைத் தோட்டம்.
25.05.2008

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சேலை அழகு. பச்சை நிறம். தேயிலைக்குள் நின்றால் முகம் மட்டும் மிதக்கிறது.

உங்கள் பெரிய அம்மா வந்துபோனார். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் பந்தல் போட்டு வாழை கட்டியிருந்தார்கள். தோட்டத் துரை, கண்டாக்கையா, ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். அந்த அம்மா பாவம், செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நடந்து வந்து எங்களைக் கும்பிட்டார். பேசும்போது கண் கலங்கியது. பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பூமி மிஞ்ச வேண்டும் என்றார். பொய்யில்லை, முகத்தில் தெரிந்தது.

பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்து ஏதோ வாசித்தார். ஆபீஸ் கிளாக்கர் தமிழில் சொன்னார்: "உங்க தோட்டத்துப் பெண் ஒருத்தங்க சொல்லியிருக்காங்களாம், எங்க பரணப் பார்த்தா மரக்காலை முதலாளி வீடுன்னு நெனச்சுச் சம்பந்தி சீரக் கூட்டிக் கேப்பாருன்னு." துரை சிரித்தார். அந்த அம்மா அடுத்த வரியை வாசித்தார். இரண்டு லயத்து விறகில் பாக்டரி ஒரு மாதம் ஓடும். ஆகவே இனிமேல் மிலாறு பாக்டரி உலைக்கு. எங்களுக்குப் புகைபோக்கி வைத்த புது அடுப்பு. பாதி விறகு போதுமாம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கைக்குப் பழக்கம்.

தட்டிவிட்டுத் திரும்பினால் பேச்சியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மரக்காலைக் கதையை அவளுக்கு மட்டும் நான் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். சேலை முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "கொழும்புத் துணியா நாகு?" என்றாள்.

தர்ஷனா சுகம். வயிறு தெரிகிறது.

அக்கா


கொழும்பு 6.
16.06.2008

அன்பின் அக்கா,

கடிதம் கிடைத்தது. இங்கே வெக்கை தாங்கவில்லை. சிவகௌரி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய் வருகிறாள். சேலை பொருத்தம் என்று அறிந்து மகிழ்ச்சி.

டீசல் குறைந்துவிட்டதாக அறிக்கை வந்திருக்கிறது. பெரிய அம்மா என்னைத் தனியாக அழைத்துப் பாராட்டினார். உலகத்துக்கு நல்லது நடக்கும்போது ஆரம்பத்தில் சிறு கஷ்டங்கள் இருக்கத்தான் செய்யும். புது அடுப்பு வந்ததா? தர்ஷனாவைப் பாரம் தூக்க விடாதே.

தம்பி


நரிப்பாறைத் தோட்டம்.
13.07.2008

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் சுகம் என்று எழுதினேனா என்று அத்தான் கடிதத்தைப் பிடுங்கிப் பார்க்கிறார். ஆகவே, சுகம்.

அடுப்பு வந்தது. குறை சொல்லக் கூடாது, புகையே இல்லை. விறகும் இல்லை. சாணி மெழுகி, பொட்டு வைத்து, படம் பிடிக்க வருகிறவர்களுக்காகத் துடைத்து வைத்திருக்கிறோம். பேச்சியம்மா அடுப்பில் கோழி அடை கிடக்கிறது. வாசல் இஸ்தோப்பில் பழைய அடுப்பைப் போட்டு அதில்தான் எல்லோருக்கும் சமையல். எதை எரிக்கிறோம் என்று மூக்கைக் கேட்டால் சொல்லும்: டயர், பிளாஸ்டிக் உறை, பழைய செருப்பு, வசதி உள்ளவர்கள் மண்ணெண்ணெய். புகையைக் குறைக்கிறவர்கள் லயத்துப் பக்கம் வந்து நின்றால் அவர்களும் கொஞ்சம் கறுத்துப் போவார்கள்.

வாட்சர்மார் லயத்துக்கு வந்தார்கள். அளவுக்கு மேல் இருக்கிற மிலாறு பாக்டரிச் சொத்தாம். முதலில் வந்தது நம் வீட்டுக்கு. மரக்காலை முதலாளி வீடு அல்லவா? பரணைத் துடைத்து எடுத்தார்கள். சாமித்தட்டுக்குப் பின்னாலும் தேடினார்கள். கட்டிலுக்கடியிலும் தேடினார்கள். எங்கே கை விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கங்காணி சண்முகராஜா என்னைப் பார்த்து, "நல்லா எழுதத் தெரிஞ்ச கை ஆயாம்மா" என்றார்.

உலையடியில் உன் அத்தான் கட்டுக்கட்டாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாராம். ஒரு கட்டைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். என் கல்யாணச் சேலையின் கரை. கண்டாக்கையா, "என்னய்யா நிக்கிற, போடு" என்றிருக்கிறார். அவிழ்த்து மிலாற்றைப் போட்டுவிட்டு, கரையை மட்டும் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார்.

இரண்டு லயத்து விறகும் எத்தனை நாள் ஓடியது தெரியுமா? ஒரு நாள்கூட இல்லை. அவர் சொன்னது சரி. இப்போது கீழ்நாட்டிலிருந்து ரப்பர் விறகு வருகிறது. லொறியில். லொறி டீசலில் ஓடுகிறது. அந்தப் புகை யார் தலையிலோ. ஆனாலும் மிலாற்றைத் தொடக் கூடாது என்ற சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பீலிக்கரையில் நான் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு நாளும் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தேன். இப்போது எனக்கு முன்னால் ஆளே இல்லை. இதைவிட மரியாதை யாருக்குக் கிடைக்கும்?

தர்ஷனாவை அடுத்த வாரம் கூட்டி வருகிறோம். பரண் சும்மா கிடக்கிறது.

அக்கா


நரிப்பாறைத் தோட்டம்.
10.08.2008

தம்பிக்கு,

நலமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஆபீசில் போய்க் கேட்டேன். "ஒனக்கில்லாத தபாலா ஆயாம்மா, வந்தா முதல்ல வாசிச்சுட்டே தருவோம்" என்று சிரித்தார்கள்.

மழை விடவில்லை. தர்ஷனா வந்துவிட்டாள். கால் வீங்கியிருக்கிறது. பரணைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா வெறகு?" என்று கேட்டாள். எலி தின்றுவிட்டது என்றேன். சிரித்தாள். இங்கே என் பேச்சுக்குச் சிரிக்க அவள் ஒருத்திதான்.

அக்கா


கொழும்பு 6.
19.08.2008

அன்பின் அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து கிழித்துப் போட்டேன்.

தாய்மாமன் சீராக ஒரு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் அனுப்புகிறேன். கினிகத்தேனைக் கடைக்குச் சொல்லிவிட்டேன், லொறியில் கொண்டுவந்து இறக்குவார்கள். மாப்பிள்ளையைப் பற்றவைக்கச் சொல். விறகுக் கவலை வேண்டாம்.

அடுத்த மாதம் வெளிநாட்டில் ஒரு கூட்டத்தில் நம் தோட்டத்தைப் பற்றி நான் பேச வேண்டுமாம். பாஸ்போட்டுக்குக் கம்பெனியே பொலிஸில் பேசுகிறது. இந்த நாளில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குப் புரியும்.

மற்றதை நேரில் பேசுவோம்.

தம்பி


நரிப்பாறைத் தோட்டம்.
14.09.2008

அன்புள்ள தாய்மாமனுக்கு,

பேரன் பிறந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். மூக்கு உன்னுடையது, அழுகை என்னுடையது. ஒரு லயம் தாண்டிக் கேட்கிறது. தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நீ பத்திரமாகப் போய் வந்தாயா?

உன் சீர் வந்து சேர்ந்தது. நான்கு பேர் சப்பரம் மாதிரித் தூக்கி வந்தார்கள். மாப்பிள்ளை பற்றவைத்ததும் நான் இஸ்தோப்புக்கு ஓடிவிட்டேன். தேத்தண்ணி நன்றாகக் கொதிக்கிறது. வெந்நீர்க் கிடாரத்தைத் தூக்கி வைத்தோம். யானையை முக்காலியில் உட்காரவைத்த மாதிரி ஆடியது. இறக்கிவிட்டோம். சீரைக் குறை சொல்வதாக நினைக்காதே, கிடாரம்தான் பெரிது.

ஆனால் தர்ஷனாவுக்கு முதல் நாளிலிருந்தே வெந்நீர் கிடைக்கிறது. நொச்சி இலை போட்டு, ஆவி பறக்க. பிள்ளையும் குளித்துவிட்டுத் தூங்குகிறான். விறகு வந்தது. எங்கிருந்து, எப்படி, யார் முதுகில் என்று நீ கேட்கக் கூடாது, நானும் எழுதக் கூடாது.

பேச்சியம்மா மறுபடி என்னோடு பேசுகிறாள் என்பதை மட்டும் எழுதுகிறேன். கதவடியில் நின்று, மூச்சு வாங்க, முதலில் கேட்டது, "இதையும் கொழும்புக்கு எழுதிப் போடுவியா நாகு?" என்றுதான். எதை என்று நீ கேட்காதே. இல்லை என்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை. "புள்ள மேல சத்தியமா?" என்றாள். பிள்ளையின் தலையில் கை வைத்தேன்.

அக்கா


கொழும்பு 6.
06.10.2008

அன்பின் அக்கா,

பேரனுக்கு இந்தத் தாத்தாவின் முத்தம். நான் சுகமாகத் திரும்பிவிட்டேன். உனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கியிருக்கிறேன்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இப்போது அந்த மக்கள் வீட்டில் என்ன எரிக்கிறார்கள் என்று கேட்டார். நீ டயர் என்று எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது, ஆனால் புது அடுப்பின் படத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்ததிலிருந்து தூக்கம் சரியில்லை.

அக்கா, உன்னால்தான் முடியும். எந்த வீட்டில் என்ன எரிகிறது, விறகு எங்கிருந்து வருகிறது, யாருக்கு எவ்வளவு போதவில்லை என்று பழையபடி எழுது. கையில் ஆதாரம் இருந்தால் மிலாற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பெரிய அம்மாவிடம் நானே பேசுவேன். யார் பெயரும் வெளியே வராது. இந்த முறை என்னை நம்பு. உன் வேடிக்கையும் இருக்கட்டும். அதைப் படித்து நாளாகிறது.

தம்பி
சின்னராசா


நரிப்பாறைத் தோட்டம்.
26.10.2008

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் அனைவரும் சுகம். நீயும் குடும்பமும் சுகமாக இருக்க வேண்டும்.

பிள்ளை பால் குடிக்கிறான். தர்ஷனா நடக்கிறாள். மழை கொஞ்சம் குறைந்திருக்கிறது. அத்தான் வேலைக்குப் போய் வருகிறார்.

எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
நாகலெட்சுமி